காட்டு வழியும் வைக்கம் வீதியும்

"பார்க்காமலே பழிக்கிறீர்கள்! ஒரு நாள் எங்களோடு நடந்து பாருங்கள், பிறகு எழுதுங்கள்!" ஐயப்ப பக்தரான நண்பர் ஒருவர் நமக்கு விடுத்த அறைகூவல் இது. ஏற்றோம். மாலை அணியவில்லை, இருமுடி சுமக்கவில்லை, காலும் கண்ணும் காதும் மட்டும் கொண்டு சென்றோம். எருமேலியிலிருந்து பம்பை வரை, காட்டினூடே 40 கிலோமீட்டருக்கும் மேலாக நீளுகிறது பெருவழிப் பாதை. அதில் அழுதையாற்றங்கரையிலிருந்து பம்பை வரை ஒரு பகல் முழுதும் அவர்களோடு நடந்தோம். கண்டதை எழுதுகிறோம், கண்டதிலிருந்து எழுந்த கேள்வியையும் எழுதுகிறோம். விடை தர வேண்டியவர்கள் நண்பரும், நண்பரைப்போல் ஆண்டுதோறும் மலையேறும் இலட்சக்கணக்கான தமிழருமே.

நல்லதை முதலில் சொல்லிவிடுவோம். மாற்றாரிடம் உள்ள நல்லதை மறைப்பவன் வாதாட வந்தவனல்லன், வம்புக்கு வந்தவன்.

நம் குழுவினர் பதினான்கு பேர். குருசாமியாக முன்னே நடந்தவர் ஓர் அரிசி ஆலை முதலாளி; பதினெட்டு முறைக்கு மேல் மலை கண்டவர். உடன் வந்தோர்: ஒரு பள்ளி ஆசிரியர், இரண்டு தையற்காரர், ஒரு லாரி ஓட்டுநர், ஆலையில் மூட்டை தூக்கும் நால்வர், அறுபதைக் கடந்த ஒரு மூதாட்டி, இன்னும் சிலர். மூட்டை தூக்கும் நால்வருள் ஒருவன் ஊரின் ஆதித்திராவிடர் தெருவைச் சேர்ந்த இளைஞன், முதன்முறை வருபவன், அவர்கள் மொழியில் கன்னி ஐயப்பன்.

வனத்துறையினர் வழி திறந்ததும் நடை தொடங்கிற்று. யானை நடமாடும் காடு. பெரியாறு புலிகள் காப்பகத்தின் பகுதி. அழுதையில் முழுகி, ஆளுக்கொரு கல்லெடுத்து, மூச்சு வாங்க மேடேறி, கல்லிடுங்குன்றில் அக்கல்லைப் போட்டனர். மகிஷி என்னும் அரக்கியின் உடல் கீழே கிடக்கிறதாம். எழுந்து விடாதிருக்கக் கல் பாரமாம்! எத்தனை தலைமுறையாக எத்தனை கோடிக் கல் விழுந்தும் அவள் இன்னும் அடங்கினாளில்லையா என்று நாம் கேட்கவில்லை. விருந்தாளியாகச் சென்றவர்கள் நாம்.

முக்குழி கடந்தோம். கரிமலை வந்தது. செங்குத்தான ஏற்றம். வேர்களே படிகள், பிடித்துக்கொள்ள மரமே துணை. ஆலை முதலாளியின் கால் சறுக்கிற்று. அவர் விழுமுன் தோள் கொடுத்துத் தாங்கினான் அந்த இளைஞன். முதலாளி அவன் தோளைப் பற்றியபடியே மீதி ஏற்றத்தை ஏறினார். உச்சியில் அவன் குடித்த புட்டியிலிருந்தே அவரும் நீர் குடித்தார். "சாமி, கொஞ்சம் தண்ணி" என்று கேட்டுத்தான் வாங்கினார். கூலி கொடுப்பவர், கூலி வாங்குபவனைச் 'சாமி' என்றார்! ஒரே அடுப்பு, ஒரே சோறு, ஒரே மரநிழலில் படுக்கை. மறுக்க மாட்டோம், கண்டு மகிழ்ந்தோம். "பார்த்தீர்களா? எங்கே சாதி? காட்டுங்கள்!" என்றார் நண்பர், வெற்றிக் களிப்போடு. காட்ட முடியவில்லை. காட்டில் சாதி இல்லை.

மாலை சாயும் வேளை, கரிமலை இறங்கிப் பம்பையை நோக்கி நடக்கையில் அந்த இளைஞன் நமக்குப் பக்கத்தில் வந்தான். அவனாகவே பேசினான்.

"சாமி, ரெண்டு வருசம் முன்னால எங்க அப்பா செத்துப்போனாரு. மழைக்காலம். சுடுகாட்டுக்கு ஊர்த்தெரு வழியாப் போனா நாலே எட்டு. அந்தத் தெருவுல எங்க பொணம் போகக் கூடாது. வயல்ல எறங்கி, முழங்கால் சேத்துல தூக்கிட்டுப் போனோம். ரெண்டு தடவை பாடை சாஞ்சிடுச்சு."

நாம் பேசவில்லை. அவன் தொடர்ந்தான்: "இன்னிக்கு எவ்வளவு தூரம் எல்லாரும் ஒண்ணா நடந்தோம்! அந்தத் தெரு நானூறு கஜம்கூட இருக்காது."

முன்னே சென்ற குருசாமியின் காதிலும் இது விழுந்தது. நின்றார்; திரும்பினார்; கோபிக்கவில்லை. நல்ல மனிதர். அமைதியாகவே சொன்னார்: "அது ஊர் வழக்கம் சாமி. இது சாமி வழக்கம். ரெண்டையும் போட்டுக் கொழப்பக் கூடாது."

தோழர்களே! பல்லாண்டுகளாக நாம் மேடையில் பேசி விளக்க முயன்றதை அந்த ஆலை முதலாளி மூன்றே வாக்கியத்தில் விளக்கிவிட்டார். ஊர் வழக்கம் என்று ஒன்று. சாமி வழக்கம் என்று ஒன்று. காட்டிலே சமத்துவம், வீட்டிலே சாதி! 41 நாள் நோன்புக்குச் சமத்துவம், மீதி 324 நாளுக்கு மனுதருமம்! கழுத்திலே மாலை இருக்கும்வரை அவன் சாமி. கழற்றி வைத்த நாழிகையிலே அவன் மறுபடி 'டேய்'! நடந்த கால்கள் அவையே. தாங்கிய தோள் அதுவே. அந்தத் தோளில் பிணம் இருந்தால் மட்டும் தெரு தீட்டாகிவிடும்!

"ஆண்டில் 41 நாளாவது சமமாக இருக்கிறார்களே, அதுவும் போக வேண்டுமா?" என்று சிலர் கேட்பர். நாம் திருப்பிக் கேட்கிறோம்: 41 நாள் முடிகிறதென்றால் 365 நாளும் ஏன் முடியாது? முடியாதது என்றால் மன்னிக்கலாம். முடியும் என்று தாங்களே நடந்து காட்டிவிட்டு, ஊர் எல்லைக்கு வந்ததும் முடியாதென்பது இயலாமையா, மனமின்மையா? ஆண்டுக்கொருமுறை சமத்துவத்தைக் காட்டிலே கொண்டுபோய்க் கழித்துவிட்டால், ஆண்டு முழுதும் ஊரிலே சாதியை உறுத்தலின்றி நடத்தலாம். மனச்சான்றுக்கு இப்படி ஒரு வடிகால்! பெருவழிப் பாதை செய்யும் பணி இதுதான் என்று நாம் ஐயுறுகிறோம்.

சரி, அந்தச் 'சாமி வழக்க'மாவது நேரானதா? கோயிலின் முகப்பிலே 'தத்துவமசி' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 'நீயே அது' என்று பொருளாம். நீயும் கடவுளும் ஒன்று என்கிறது எழுத்து. மகிழ்ந்துபோய் உள்ளே நோக்கினால் என்ன காண்கிறோம்? அங்கே மேல்சாந்தியாக விண்ணப்பிக்க வேண்டுமானால் மலையாள பிராமணனாக இருத்தல் வேண்டும்! இவ்விதியை எதிர்த்துத் தொடுத்த வழக்கை 2024 பிப்ரவரியில் கேரள உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதே திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியம் 2017-இல் தன் வேறு கோயில்களில் தாழ்த்தப்பட்டோர் உள்ளிட்ட பிராமணரல்லாதாரைப் பூசாரிகளாக அமர்த்தியது, வாழ்த்தினோம். ஆனால் சமத்துவத்தின் தலைநகர் என்று புகழப்படும் சபரிமலையிலே மட்டும் அந்தக் கதவு திறக்கவில்லை. நீயே கடவுள், ஆனால் நீ பூசாரி ஆக முடியாது! கடவுளாவது எளிது, பூசாரியாவதுதான் அரிது! இதைவிட நேர்த்தியான ஏமாற்று உண்டோ?

பெண்கள்? நம்முடன் நடந்த மூதாட்டி நமக்கு முன்னே கரிமலை ஏறியவர். இளமையிலே இன்னும் விரைவாக ஏறியிருப்பார், விடவில்லை. ஐம்பது வயது ஆகும்வரை காத்திருந்தாராம். பத்து வயதுக்கு மேல் ஐம்பதுக்குள் இருக்கும் பெண் செல்லலாகாது என்ற தடைக்கு 1991-இல் கேரள உயர்நீதிமன்றம் முத்திரை இட்டது. 2018 செப்டம்பர் 28 அன்று உச்சநீதிமன்றம், நால்வர் ஒரு பக்கமும் ஒருவர் மறுபக்கமுமாக, அந்தத் தடையைத் தகர்த்துத் தீர்ப்பளித்தது. நடந்ததென்ன? சென்ற பெண்களை வழிமறித்தனர், விரட்டினர். 2019 ஜனவரி 2 அன்று இரு பெண்கள் உள்ளே சென்று திரும்பியதும், நடையைச் சாத்திச் சுத்திகரிப்புச் சடங்கு செய்தனர். அதே ஆண்டு நவம்பரில் வழக்கின் கேள்விகள் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டன. தாயின் வயிற்றிலே பிறந்தவர்கள், தாயாகும் வயதுள்ளவள் நின்ற இடத்தைக் கழுவினார்கள்! தத்துவமசி!

புராணமும் இதற்கேற்பவே புனையப்பட்டிருக்கிறது. ஐயப்பனை மணக்க விரும்பிய மாளிகைப்புறத்தம்மனிடம், "கன்னி ஐயப்பன் ஒருவனும் வராத ஆண்டில் மணப்பேன்" என்றாராம். ஆண்டுதோறும் அவள் சரங்குத்தி வரை சென்று, கன்னி ஐயப்பன்மார் குத்திய சரங்களைக் கண்டு, ஏமாந்து திரும்புவதாக ஐதிகம். அதற்கோர் ஊர்வலமும் உண்டு. ஒரு பெண்ணின் முடிவில்லாத ஏமாற்றத்தைத் திருவிழாவாகக் கொண்டாடுகிறார்கள்! "காத்திரு" என்பதே பெண்ணுக்கு வைதிகம் அன்றும் இன்றும் தந்த ஒரே விடை.

பம்பையை அடைந்தபோது இருட்டிவிட்டது. அங்கிருந்து சன்னிதானம் இன்னும் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் ஏற்றம். அந்த ஏற்றத்தில் டோலி கண்டோம். மூங்கிலில் கட்டிய நாற்காலி. நாற்காலியிலே ஒரு சாமி. கீழே நால்வர், அவர்களும் சாமிகளே! பீருமேடு, வண்டிப்பெரியாறு தோட்டப் பகுதிகளிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்து தோளைக் கூலிக்கு விடுபவர்கள். நோயாளிக்கும் முதியவருக்கும் துணை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் தங்கத் தகடு போர்த்த முடிந்த கோயிலுக்கு, மனிதன் தோளில் மனிதன் ஏறிச் செல்வதை ஒழிக்க வழி கிட்டவில்லையா? பம்பைக் கரையிலே பக்தர்கள் கழித்தெறிந்த துணியையும் குப்பையையும் அள்ளிக் கொண்டிருந்தவர்களையும் கண்டோம். 'விசுத்தி சேனை' என்று பெயர். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து பருவ வேலைக்கு வருபவர்கள். தமிழன் பக்தனாகப் போய்க் குப்பை போடுகிறான். தமிழனே கூலியாகப் போய்க் குப்பை அள்ளுகிறான். போடுபவன் எந்தத் தெரு, அள்ளுபவன் எந்தத் தெரு என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். 'ஊர் வழக்கம்' மலையேறி வந்திருப்பது தெரியும்.

"ஆயினும் மகரஜோதி?" என்று கேட்கிறார் நண்பர். ஆம், அதையும் பேசுவோம். பொன்னம்பலமேட்டில் தானே தோன்றும் தெய்வ ஒளி என்று நம்பி இலட்சம் இலட்சமாய்க் கூடினர். 1999 ஜனவரி 14 அன்று பம்பையில், ஒளி காணக் கூடியிருந்த கூட்டத்தில் நெரிசலும் மண்சரிவுமாக 50-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2011 ஜனவரி 14 அன்று புல்மேட்டில், கண்டு திரும்பிய கூட்டத்தில் சிக்கி 100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்; அவர்களுள் தமிழர் பலர். 2008-இலேயே தந்திரி தரப்பிலிருந்து, அந்த விளக்கு மனிதர் ஏற்றுவதே என்று சொல்லப்பட்டது. புல்மேட்டுச் சாவுகளுக்குப் பின் தேவஸ்வம் வாரியமும் உயர்நீதிமன்றத்தில் அதை ஒப்புக்கொண்டது. பகுத்தறிவாளர் பல்லாண்டு சொன்னபோது 'நாத்திகப் பிதற்றல்' என்றனர். நீதிமன்றம் கேட்டபோது 'ஆம், நாங்கள்தான்' என்றனர். இடையிலே செத்தவர்களுக்கு யார் பொறுப்பு? யானையிடமிருந்தும் புலியிடமிருந்தும் பக்தனைக் காப்பவர், பக்தர் கூட்டத்திடமிருந்து பக்தனைக் காக்கவில்லை. தம்மையாவது காத்தாரா? துவாரபாலகர் சிலைகளின் கவசத்திலிருந்து தங்கம் காணாமற்போன விவகாரத்தைத் துருவ, 2025-இல் உயர்நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க வேண்டியதாயிற்று.

மாற்றாரை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. நம் வீட்டையும் பார்ப்போம். 1950-இல் சபரிமலைக் கோயில் தீக்கிரையானது. பின் 1951-இல் நிறுவப்பட்ட ஐம்பொன் சிலையைச் செய்விப்பதில் முன்னின்றவர் யார்? நீதிக்கட்சித் தலைவர்களுள் ஒருவர், 1936-இல் சில மாதங்கள் சென்னை மாகாணத்தின் முதலமைச்சர், பி.டி. இராசன் அவர்கள்! அச்சிலை தமிழ்நாட்டு ஊர்களின் வழியே ஊர்வலமாகக் கொண்டு செல்லப்பட்டது. அதன்பின் தமிழ்நாட்டில் ஐயப்ப வழிபாடு பெருகிற்று. அவர் நாத்திகரல்லர், தம் நம்பிக்கைக்கு நேர்மையாகவே நடந்தார், குறை கூறவில்லை. ஆனால் நமக்கு அதில் ஒரு பாடம் உண்டு. அலுவலகத்திலே ஆதிக்கத்தை எதிர்த்துவிட்டு, ஆலயத்திலே அதையே அரியணையேற்றினால், முன்வாயிலில் துரத்தியது பின்வாயிலில் நுழையும். இன்றும் நம் கூட்டத்துக்குக் கறுப்புச் சட்டையும், கார்த்திகை பிறந்தால் கறுப்பு வேட்டியும் அணியும் இளைஞர் உளர். நிறம் ஒன்றாக இருப்பதால் வழி ஒன்றாகிவிடாது.

இனி, அந்த நானூறு கஜத் தெருவுக்கு வருவோம். பெருவழிப் பாதை தொடங்கும் எருமேலி, கோட்டயம் மாவட்டத்தில் உள்ளது. எருமேலியிலே பக்தர்கள் வாவர் பள்ளிவாசலுக்கும் செல்கிறார்கள். அந்த நல்லுறவைப் போற்றுகிறோம். அதே கோட்டயம் மாவட்டத்தில் இன்னோர் ஊர் உண்டு. அதன் பெயர் வைக்கம். அங்கேயும் ஒரு நடை நடந்தது. காடில்லை, மலையில்லை, கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களே களம். நாயும் நடக்கலாம், மாடும் நடக்கலாம், ஈழவரும் புலையரும் நடக்கக் கூடாது என்றிருந்த தெருக்கள். கோயிலுக்குள் நுழையக்கூடக் கேட்கவில்லை. தெருவில் நடக்கத்தான் கேட்டனர். 1924 மார்ச் 30 அன்று தொடங்கிற்று அறப்போர். கேரளத் தலைவர்கள் சிறைப்பட்டதும் அழைப்பு ஈரோட்டுக்கு வந்தது. பெரியார் சென்றார், இருமுறை சிறைப்பட்டார். நாகம்மையாரும் களத்தில் நின்றார். 1925 நவம்பரில் மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன. 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் அரசின் கோயில்களே அனைவருக்கும் திறக்கப்பட்டன.

எண்ணிப் பாருங்கள்! இன்று சபரிமலையில் சாதி பாராமல் எல்லோரும் செல்கிறார்கள் என்கிறீர்களே, அந்த உரிமையைத் தந்தது விரதமா, வைக்கமா? சட்டப்படி அந்தக் கதவைத் திறந்தது 1936-இன் பிரகடனம்; அந்தப் பிரகடனத்துக்கு வழி போட்டவை வைக்கம் வீதியில் நடந்த கால்கள். காட்டிலே பல்லாண்டாய் நடந்த கோடிக் கால்கள் ஒரு தெருவையும் திறக்கவில்லை. வைக்கத்திலே சிலநூறு கஜம் நடக்க முயன்ற சில கால்கள் ஒரு நாட்டையே திறந்தன. எவ்வளவு தொலைவு நடந்தோம் என்பதில் பெருமை இல்லை. எங்கே நடக்கக் கூடாது என்றார்களோ அங்கே நடந்தோமா என்பதில்தான் இருக்கிறது.

ஆகவே நண்பருக்கும் குருசாமிக்கும் நாம் ஒன்று சொல்வோம். உங்கள் அறைகூவலை ஏற்று, உங்களோடு ஒரு நாள் நடந்துவிட்டோம். இனி எங்கள் அறைகூவல். நீங்கள் எங்களோடு ஒரு நாள் நடக்க வாருங்கள். கரிமலை அளவு கடினமில்லை. யானை இல்லை, அட்டை இல்லை. நானூறு கஜம்தான். அந்த இளைஞனின் தெருவில் அடுத்த சாவு விழும் நாளில், பாடை ஊர்த்தெரு வழியே வரும். சட்டம் அவர்கள் பக்கம் இருக்கிறது, நாங்களும் இருப்போம். குருசாமி அவர்களே, கரிமலையில் உங்களைத் தாங்கிய தோள்தான் அந்தப் பாடையைத் தாங்கி வரும். அதற்கு முன்னே நீங்கள் நடந்து வாருங்கள். பதினெட்டு முறைக்கு மேல் மலை கண்டவர் முன்னே நடந்தால், மறிக்க எவருக்குத் துணிவு வரும்? மாலையோடு வேண்டுமானாலும் வாருங்கள். மாலையில்லாமல் வந்தால் இன்னும் நன்று.

இளைஞர்களே! உங்கள் ஊரிலும் அப்படி ஒரு தெரு இருக்கும். எங்கே என்று உங்களுக்குத் தெரியும். யார் நடக்கக் கூடாது என்பதும் தெரியும். கார்த்திகையில் காட்டுக்குப் போகக் கால் பரபரக்கும் தோழனை இகழாதீர்கள். அவன் கால் நல்ல கால், வலிமையுள்ள கால். அவன் கையைப் பிடித்து அந்தத் தெருவுக்கு அழைத்துச் செல்லுங்கள். காட்டு வழியில் கண்ட சமத்துவம் மெய்யென்றால் அங்கே அவன் தயங்க மாட்டான். தயங்கினால், நாற்பது கிலோமீட்டரும் அவன் நடந்தது வீண் என்பதை அவனே உணர்வான்.

பம்பையில் பிரியும்போது அந்த இளைஞன் நம்மிடம் கேட்டான்: "நீங்க எங்க ஊருக்கு வருவீங்களா?"

வருகிறோம் என்று சொல்லியிருக்கிறோம். வருவோம்.